செத்த குளத்தில் ஒரு கல்

ரகேல் வந்து இறங்கியபோது நான் சுற்றுலா விடுதியின் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மால்டஹோ ஊரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் சாமான் வண்டியின் பின்புறத்தில், மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்திருந்தாள். ஓட்டுநர் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத்தான் அவளை இறக்கினான். கால்கள் வீங்கியிருந்தன. செருப்பின் வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை, கனமாகத் தொங்கியது.

"என்ன ட்ரீக்கா, இன்னமும் வெள்ளைக்காரன் மூத்திரத்தைத்தான் தொவைக்கிறியா?"

"நம்மாளு மூத்திரத்தைத் தொவைச்சா எவன்க்கா சம்பளம் தர்றான்?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதயம் பெருத்துவிட்டது என்று மரியன்டால் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூச்சு திரும்பியதும் சொன்னாள்.

"அந்த மரத்தைப் பாக்கணும். அவன்கிட்ட சொல்லு."

மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே கொடியடியில்தான் அவள் வேறொரு சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதை நான் அவனிடம் சேர்க்கவில்லை.

ரகேல் என் கணவன் எஃப்ராயிமுக்கு அக்கா. அந்தக் குடும்பத்துக்கே மூத்தவள். எங்கள் நாமா ஜனங்களில் வளர்ந்த தம்பியும் அக்காவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டுக்குள் தனியாக இருக்கவும் கூடாது. பகை ஒன்றுமில்லை, மரியாதைதான். நடுவில் ஒருவர் நின்று சொல்லை வாங்கிக் கொடுப்பார். சொன்னது காதில் விழுந்தாலும், நடுவில் நிற்பவர் சொல்லும்வரை விழாததுபோலத்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்படி வந்து சேர்ந்த அக்காவின் சொல்லைத் தம்பி தட்டவே முடியாது. சத்தியம் செய்வதென்றாலும் அக்கா பெயரில்தான் செய்வான். பட்டணத்துப் பிள்ளைகள் இப்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை. இவர்கள் பார்த்தார்கள். எஃப்ராயிமுக்கு மீசை அரும்பியதிலிருந்து முப்பத்தைந்து வருடங்கள். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நடுவில் நிற்பவள் நான்.

சாயங்காலம் எஃப்ராயிம் வேலையிலிருந்து வந்தான். செத்த குளத்துக்குக் காவல்காரன் அவன். முன்னொரு காலத்தில் ஆறு அங்கே வரை வந்து தேங்கியிருக்கிறது. பிறகு மணல்மலைகள் குறுக்கே வந்து விழுந்து வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் போனது, ஒட்டகமுள் மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன. அவற்றை யாரும் தொடாமல், ஏறாமல், ஒடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. எங்கள் இரண்டு அறை வீடும் அந்த வேலையோடு வந்ததுதான்.

ரகேல் உள்ளே நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலுக்கு வெளியே, எங்கள் நாய் வாக்தருக்குப் பக்கத்தில் நின்றான். எட்டடி தூரம். நான் நிலையில் சாய்ந்துகொண்டேன்.

"அக்கா சாப்பிட்டாங்களான்னு கேளு."

"சாப்பிட்டீங்களாக்கா?"

"களி இருந்தா போடச் சொல்லு. உப்பு வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கான். உப்பில்லாத களியத் திங்கிறதுக்குச் செத்துப் போலாம்னு சொல்லு."

எஃப்ராயிம் தரையைப் பார்த்தபடி சிரித்தான். பிறகு, சிரித்ததை மறைக்க நாயின் காதைச் சொறிந்தான்.

"அந்த மரத்தைப் பாக்கணுமாம்," என்றேன்.

சொறிந்த கை நின்றது. எந்த மரம் என்று அவன் கேட்கவில்லை. "காலையில அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பும்னு சொல்லு," என்று மட்டும் சொன்னான்.

பெர்ட்டஸ் ரகேலின் ஒரே பிள்ளை. இங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் கூடார முகாமில் வேலை பார்த்தான். எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். எங்களில் தாய்மாமன் பொருளில் மருமகன் கைவைத்தால் யாரும் கேட்க முடியாது. மாமன் பட்டியிலிருந்து கொழுத்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவான். பதிலுக்கு மாமன் அவனுடைய நொண்டி ஆட்டை இழுத்துக்கொண்டு வருவான். ஊரே கூடிச் சிரிக்கும். பெர்ட்டஸும் என் வீட்டுக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து நல்ல கறியாகப் பார்த்துத் தின்றுவிட்டு, "மாமாவுக்கு எலும்பு இருக்கு அத்தை, அவருக்குத்தான் பல்லு கெட்டி," என்பான். எஃப்ராயிம் அவனுடைய ஓட்டைத் தொப்பியைத் தூக்கி ஒளித்துவைப்பான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில், விறகு லாரி இரண்டு வாரம் வரவில்லை. குளிர் எலும்பைக் குத்தியது. பெர்ட்டஸ் செத்த குளத்துக்குப் போய், ஒரு மரத்தில் கைப் பருமன் கிளையை ஒடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். முகாம் ஆட்கள் எல்லாரும் அதை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். மூன்று மணிநேரம் நின்று எரிந்ததாம். மறுநாள் அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்: "எங்க மாமாவோட மரம். நான் எடுக்காம வேற எவன் எடுப்பான்?"

ஆடு மாமனுடையது. மரம் மாமனுடையது அல்ல. இந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. விளையாட்டாக எடுத்தான். மாமன் பதிலுக்கு எதையாவது எடுப்பான், சிரித்துத் தீர்ந்துவிடும் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் எஃப்ராயிம் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். விஷயம் எப்படியோ மால்டஹோவுக்கு எட்டி, புதன்கிழமை சாமான் வண்டியிலேயே ரகேல் வந்துவிட்டாள். எஃப்ராயிம் குளத்தில் இருந்தான். வண்டி அன்றைக்கே திரும்ப வேண்டும். கொடியடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எழுதாதேன்னு நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அந்த ஒரு சொல் போதும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொன்னால் எழுதமாட்டான். அந்தக் கிளையைப் பற்றி முகாம் முழுக்கத் தெரியும். மறைத்தது வெளியே வந்தால் இவன் வேலை போகும், வேலையோடு வீடு போகும். இரண்டு பிள்ளைகள் மால்டஹோ பள்ளி விடுதியில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் விரிப்புகளை மடித்தேன். இஸ்திரி போட்டேன். அன்று ராத்திரி களி கிண்டினேன். அக்கா வந்துவிட்டுப் போனதைக்கூட அவனிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவன் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்ன செய்யட்டும்?" என்று என்னைக் கேட்டான். "உன் வேலை எழுதுறதுதானே," என்றேன்.

பெர்ட்டஸை முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். வால்விஸ் பே துறைமுகத்துக்குப் போய் மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தான். எட்டாவது மாதம் ஒரு புயலில் மேல்தளத்திலிருந்து அவனை அலை அடித்துக்கொண்டு போனது. இருபத்துநாலு வயது. உடல் கிடைக்கவில்லை. மால்டஹோ கோயிலில் பெட்டி இல்லாமல் ஜெபம் நடந்தது. ரகேல் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அறிக்கை எழுதிய கோபம் என்று எஃப்ராயிம் நினைத்துக்கொண்டான்.

காலையில் வண்டியில் போனோம். எஃப்ராயிம் ஓட்டினான், நான் நடுவில், ரகேல் ஓரத்தில். தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கி, மணலில் புதையாமலிருக்க டயர்களில் காற்றை இறக்கினான். வண்டி மணலில் படகுபோல ஆடிக்கொண்டு போனது. அதற்குமேல் நடைதான்.

மணல் கணுக்கால்வரை இழுத்தது. ரகேல் என் தோளில் தொங்கினாள். இருபது அடிக்கு ஒருமுறை நின்றாள். எஃப்ராயிம் முன்னால் போனான். திரும்பிப் பார்க்காமலே, நாங்கள் நின்றபோது நின்றான், நடந்தபோது நடந்தான். பெரிய மணல்மலையின் முகட்டில் வெள்ளைக்காரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மேல என்னடி குடுக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. மேல போய்க் கீழ பாப்பாங்க."

"அதுக்கா கடலைத் தாண்டி வர்றானுங்க? கீழயே நின்னு பாத்தா ஆகாதாமா?"

கடைசி மேடு ஏறியதும் குளம் தெரிந்தது. வெள்ளையாக, எலும்பு காய்ந்ததுபோல வெடித்த களிமண் தரை. அதைச் சுற்றிச் சிவப்பு மணல் சுவர். நடுவே கறுத்த மரங்கள், ஒன்றிலும் ஒரு இலை கிடையாது.

எஃப்ராயிம் ஒரு மரத்துக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்றான். அதுதான் என்று தெரிந்தது. தோள் உயரத்தில் கிளை ஒடிந்த முனை. மற்ற இடமெல்லாம் கறுப்பு, அந்த வாய் மட்டும் இன்னும் பழுப்பு.

"கறுப்பா இருக்கே, எரிஞ்சதா?" என்றாள் ரகேல்.

"வெயில்ல கறுத்ததுக்கா. செத்து எண்ணூறு வருஷம் இருக்கும்னு சொல்றாங்க. மக்குறதுக்கு ஈரம் இல்ல, அதான் நிக்குது," என்றேன்.

"செத்தது எண்ணூறு வருஷம் நிக்குது," என்றாள். "என் புள்ளை உயிரோட இருபத்தஞ்சு நிக்கல."

அந்தப் பழுப்பு முனையில் உள்ளங்கையை வைத்தாள். எஃப்ராயிமின் வாய் திறந்தது. தொடாதீர்கள் என்று ஒருநாளைக்கு நாற்பது தடவை, நாலு பாஷையில் சொல்லிப் பழகிய வாய். மூடிக்கொண்டான்.

துணிப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். அவள் வீட்டு வாசற்கல், இரண்டு கை அளவு. பெர்ட்டஸ் அதன்மேல் உட்கார்ந்துதான் காலணி மாட்டுவான். கிடைக்காத உடலுக்கு எங்கே கல் வைப்பது? குனிய முடியவில்லை. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மரத்தடியில் வைத்தாள். குளத்தில் யாரும் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. எஃப்ராயிம் மணல்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரகேல் நிமிர்ந்தாள். மூச்சு சீறியது. எனக்குச் சொல்வதுபோல, ஆனால் அவனுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அவன்கிட்ட கேளு ட்ரீக்கா. எழுதாதேன்னு நான் சொல்லி அனுப்பினேன். அக்கா சொல்லை ஏன் தட்டினான்னு கேளு. அதைக் கேக்காம என்னால சாக முடியல."

பத்தடி தூரம். காற்றுகூட இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவனுக்குக் கேட்டது. மெல்லத் திரும்பினான். அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்த வெள்ளிக்கிழமையை, பேனாவை, நான் சொன்னதை எல்லாம் அவன் கண் ஒவ்வொன்றாக எடுத்துவைத்ததை நான் பார்த்தேன். ஆனாலும் நான் கேட்கும்வரை அவனுக்குக் கேட்காது. காத்துக்கொண்டு நின்றான்.

இப்போது சொல்லிவிடலாம். நான்தான் விழுங்கினேன் என்று.

"அக்கா கேக்கிறாங்க," என்றேன். "எழுதாதேன்னு சொல்லி அனுப்பினாங்களாம். ஏன் தட்டினேன்னு கேக்கிறாங்க."

தொப்பியைக் கழற்றி, உள்விளிம்பு வேர்வையைக் கட்டைவிரலால் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"பயந்துட்டேன்னு சொல்லு," என்றான். "வேலை போயிடும்னு பயந்து, அக்கா சொல்லை மீறிட்டேன்னு சொல்லு."

அது என்னுடைய பயம். அதை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். வாங்கிய சொல்லை ஒரு எழுத்துக் குறையாமல் நான் அவளிடம் சேர்த்தேன்.

"பயந்துட்டாராம் அக்கா. வேலை போயிடும்னு பயந்து, உங்க சொல்லை மீறிட்டாராம்."

ரகேல் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"பயம் யாருக்கு இல்ல," என்றாள் கடைசியில். "கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ளையப் பெத்தவன். மன்னிச்சிட்டேன்னு சொல்லு. சின்ன வயசுல தூக்கி வளத்த கை இதுன்னு சொல்லு."

அதையும் சொன்னேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிப்பு என் வாய்வழியாகத்தான் போனது, எனக்கு அதில் ஒரு துளி இல்லை. முகட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரி எங்கள் மூவரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரகேல் அக்டோபரில் செத்தாள். மால்டஹோவில் பெட்டியை இறக்கும்போது எஃப்ராயிம் பக்கத்தில் போய், குனிந்து, நேராக ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் தேவைப்படவில்லை.

கல் இன்னும் அந்த மரத்தடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அறிக்கை எழுதுகிறான். அதில் கல்லைப் பற்றி எதுவும் இருப்பதில்லை. ஒருநாள் எவனாவது அலுவலகத்தில் சொல்லிவிட்டால் வேலை போகும். போகட்டும் என்று இருக்கிறான்.

என்னை அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. சம்பளத்தை முன்போலவே மேசையில் வைக்கிறான். பிள்ளைகள் விடுதியில் இருக்கும் நாட்களில் வீட்டில் நாங்கள் இருவரும் வாக்தரும்தான். வேலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்காருவான். நான் டீயைக் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, நாயின் காதைச் சொறிந்துகொண்டே அதனிடம் சொல்வான்:

"சக்கரை கம்மின்னு அவகிட்ட சொல்லு."

நாய் என்னைப் பார்க்கும். நான் சர்க்கரையை எடுக்க உள்ளே போவேன்.