வலது பக்கம் என்னுடையது

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் தம்பி சொல்வான். மூக்குக் கண்ணாடி செய்து பிழைப்பவளுக்கு மூக்கு மேல் எது இருந்தாலும் அது தொழில்தான் என்று நான் சொல்வேன். பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறேன். பவர் பார்த்து, நடுப்புள்ளி குறித்து, ஃபிரேமுக்கு ஏற்ப விளிம்பைத் தேய்த்துப் பொருத்தி, கடைசியில் காதுத் தண்டின் திருகை முடுக்கிக் கொடுக்க வேண்டும். வலது லென்ஸை இடது பக்கம் போட்டுவிட்டால் வாடிக்கையாளருக்குத் தலை சுற்றும். அப்புறம் முதலாளி என் தலையை உருட்டுவார். அதனால் வலது, இடது விஷயத்தில் நான் கறார்.

அந்தத் தம்பி போன வாரம் என்னுடன் ஃபோனில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினான். மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. இடையில் பேசியதெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வச்சிடறேன் என்பதோடு முடிந்துவிடும்.

"அக்கா, நம்ம கேம்ல புது மாடல் வந்திருக்கு, பாத்தியா?"

"எந்த கேம்ல?"

"கையில வச்சு ஆடுவோமே, அதுலதான். பெரிய ஸ்கிரீன். அந்த முயல் ஆட்டம் இதுலயும் இருக்கு. நான் வாங்கிட்டேன். நீயும் ஒண்ணு வாங்கிட்டா நீ அங்க இருந்து, நான் இங்க இருந்து, ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்."

"எனக்கு என்ன வயசு திரும்புதா?"

"பழசைக் குடுத்தா பாதி விலைக்குத் தர்றாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். பழசு இருக்குல்ல?"

"தேடிப் பாக்கணும்" என்றேன்.

பச்சைப் பொய். அது என் வேலை மேசை இழுப்பறையில், பொடித் திருகுகள் இருக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில், லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

அது எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது, அவனுக்குப் பத்து. மாமா எங்கிருந்தோ வாங்கி வந்தார். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒன்றே ஒன்றை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்ட அந்த மனுஷனை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. புத்தகம் மாதிரி மடித்துத் திறக்கிற சின்னக் கேம் பெட்டி. மேலே ஸ்கிரீன். கீழே இடது பக்கம் ஓடவும் நிற்கவுமான பொத்தான்கள், வலது பக்கம் தாவவும் எறியவுமான பொத்தான்கள். நாலு நாள் எலியும் பூனையுமாக அடித்துக்கொண்டோம். நாலாம் நாள் என் கையில் அவன் பல் பதிந்திருந்தது, அவன் கன்னத்தில் என் நகம்.

அம்மா அலமாரியிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்து, கீழ்ப்பாதியின் நட்டநடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். பிறகு மூடி, மூடியின் மேலும் இழுத்தாள்.

"இடது பக்கம் அவன். வலது பக்கம் நீ. ஒருத்தர் பக்கத்துல இன்னொருத்தர் விரல் பட்டுச்சு, ஜன்னல் வழியா எறிஞ்சிடுவேன்."

பாதிப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. நாங்கள் விடவில்லை. ஒரே நாற்காலியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம். அப்போது அவன் குண்டாக இருப்பான், வீட்டில் உருண்டை என்றுதான் கூப்பிடுவோம். நாற்காலியில் முக்கால் பங்கு அவனுக்கே போய்விடும். அவன் முயலை ஓட வைப்பான், நான் தாவ வைப்பேன். முதல் வாரம் முயல் விழாத குழி இல்லை. அப்புறம் பழகிவிட்டது. குழி நெருங்கும்போது நான் "ம்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். அந்த "ம்" வரும்வரை அவன் ஓடிக்கொண்டே இருப்பான். விளிம்பு வந்துவிட்டதே என்று ஒரு தடவைகூட அவன் நின்றதில்லை. அக்கா தாவிவிடுவாள் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

யார் அப்படி என்னை நம்பினார்கள், அதற்கு அப்புறம்?

எனக்கு ஒரு தடவை மூன்று நாள் காய்ச்சல். உருண்டை என் கட்டிலின் இடது பக்கம் வந்து, பெட்டியின் தன் பாதியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தனியாக ஆடிக்கொள்ளடா என்றாள் அம்மா. கோடு போட்டவளே சொல்லியும் அவன் கேட்கவில்லை. "அது அக்கா பக்கம்" என்று சொல்லிவிட்டான். அவன் பக்கத்துப் பொத்தான்களில் எப்போதும் பிஸ்கட் தூள் இருக்கும். என் பக்கம் பளிச்சென்று இருக்கும்.

நான் கண்ணாடிக் கடையில் சேர்ந்த பிறகு, மூடி ஆடுகிறது, சரிபண்ணிக் கொடு என்று கொண்டுவந்து கொடுத்தான். கண்ணாடி ஃபிரேமின் திருகு ஒன்றை அளவு பார்த்துப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அம்மா இறந்துபோன நாலாம் மாதம் அது நடந்தது. தம்பி கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் குடியிருந்தான். ஒரு மத்தியானம் போனேன். வாசலில் லாரி. உள்ளே இரண்டு ஆட்கள் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையில் இடமாற்றமாம். வேறு ஊராம். நான்கு மணி நேரப் பயணமாம். எல்லாம் அந்த டேப் ஒட்டுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்க்கா" என்றான் உருண்டை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "போடா. நல்லாப் போ. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றேன். அந்த முட்டாள் அதையும் அப்படியே கேட்டுக்கொண்டான். மூன்று வருடமாக மிதிக்கவில்லை.

இப்போது இந்தப் புது மாடலோடு வந்திருக்கிறான். வாங்கினால் தம்பி திரும்பக் கிடைப்பான், அது எனக்குப் புரியாமல் இல்லை. விலைகூடப் பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது, அதை வெளியில் சொல்ல வெட்கம். எனக்கு ஓடத் தெரியாது. இருபத்து நாலு வருடத்தில் என் இடது கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பழகியதே இல்லை. எப்போதாவது ஆளில்லாத நேரம் பார்த்துத் தனியாக ஆடிப் பார்ப்பேன். இடது விரல் மரக்கட்டை மாதிரி நிற்கும். முயல் நேராகக் குழிக்குள் போகும். புது மாடலில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு முயல். அவன் எங்கோ ஓடிக்கொண்டிருப்பான், நான் முதல் குழியில் கிடப்பேன். பாவம் பார்த்து எனக்காக நிற்பான். அப்படி நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தேன். பதினோரு தடவை ஓட்டினேன், பதினோரு தடவையும் விழுந்தது. கடையில் கண் பரிசோதிக்கிற அம்மாள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு பெறுகிற வயது, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

"ஏன்டிம்மா அந்த முயலை இந்தக் கொல்லு கொல்றே?"

"அதுவா சாகுது."

"தம்பி வாங்கச் சொன்னான்ல, வாங்கிடேன். மூணு வருஷமா அவனை 'அந்த ஊர்ல இருக்கறவன்'னே சொல்லிட்டிருக்கே. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேம் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கெட்டிக்காரி. திறந்தாள், மூடினாள், ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள்.

"இவ்வளவு பழசு, இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே. இந்தத் திருகு மட்டும் கம்பெனித் திருகு இல்லையே?"

"கண்ணாடித் திருகு. நான் போட்டது."

"பரவால்லைங்க. இந்தச் சிவப்புக் கறைதான் இடிக்குது. கறை இருந்தா எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்க மாட்டாங்க. ஒரு நிமிஷம், துடைச்சுத் தந்துடறேன்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். மூடியைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. அம்மா பழைய பாலிஷை அழிக்கும்போது வீடு முழுக்க அடிக்கிற நெடி. கூடத்து ஜன்னல், முக்கால் நாற்காலி, உருண்டையின் பிஸ்கட் வாய், எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட்டன. பஞ்சு கோட்டைத் தொடுவதற்குள் பெட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னங்க?"

"அசிட்டோன் அது. பிளாஸ்டிக்ல பட்டா வெளுத்துடும். நான் ஃபிரேம்ல தினம் பாக்கறேன்."

"லேசாத்தாங்க தொடுவேன். கறை மட்டும்தான் போகும்."

"அது கறை இல்லம்மா. எங்கம்மா போட்ட கோடு."

அந்தப் பெண் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாட்டிலை மூடினாள். "அப்ப நீங்களே வச்சுக்குங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

கடை வாசலிலேயே நின்று அவனுக்கு ஃபோன் போட்டேன். வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும்.

"உருண்டை, நான் மாத்தலடா."

"ஏன்க்கா, விலை ஜாஸ்தியா?"

ஆமாம் என்று சொல்லி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. "எனக்கு இடது கை வராதுடா. ஓடத் தெரியாது எனக்கு. தனியா ஆடினா முதல் குழியிலயே விழுந்துடறேன்."

சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் சிரிக்கவில்லை.

"உன்னைத்தான் வராதேன்னு சொன்னேன்" என்றேன். "நான் வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. நாளைக்கு வீட்டுல இருப்பியா?"

"காலைல ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றான். "அதை விட்டா ஒன்பதே கால். ஏழரை நல்ல பஸ்."

யோசிக்காமல் சொன்னான். எத்தனை நாளாக அந்த நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தானோ தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கி, மூன்றாவது மாடி ஏறி மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தது அவன்தான். உருண்டை இளைத்து ஒட்டடைக்குச்சி ஆகியிருந்தான். காதோரம் நரை. கண்ணில் ஒரு கண்ணாடி, அதுவும் கோணலாக.

"எவன் பண்ணான் இதை? நடுப்புள்ளி எங்கேயோ இருக்கு. தலை வலிக்கல?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கத்தான் செய்யும்." அதைக் கழற்றித் தண்டை வளைத்து, மறுபடி அவன் மூக்கில் நானே மாட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பத்து வயதில் தலை வாரிவிடும்போது நின்ற மாதிரியே நின்றான்.

அவன் மனைவி கடைக்குப் போயிருந்தாள். சோபாவில் உட்கார்ந்து பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து வைத்தேன். அவன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"சரி, உன் புதுசைக் காட்டு. பாக்கலாம் அதோட பவிசை."

"அது வந்து... சார்ஜ் இல்லை."

"பொய் சொன்னா உன் காது சிவக்கும். எடுத்துட்டு வாடா."

ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து வந்தான். என் கையில் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். நான் எழுந்து பிடுங்கினேன்.

புதுப் பெட்டி மடிகிற வகை இல்லை, பலகை மாதிரி ஒரே துண்டு. நடுவில் பளபளவென்று அகல ஸ்கிரீன். அந்த ஸ்கிரீன் கண்ணாடியின் மேலேயே, மேலிருந்து கீழே, நடுங்கின கையால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"அடப்பாவி, ஸ்கிரீன் மேலயா போடுவே?"

"வேற இடம் இல்லக்கா. நடுவுல பூரா ஸ்கிரீன்தான்."

"எப்போ போட்டே?"

"வாங்கின அன்னிக்கே."

இடது பக்கத்துப் பொத்தான்களில் பிஸ்கட் தூள் இருந்தது. வலது பக்கத்தில், கடையில் ஒட்டிக் கொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.

"அப்புறம் எதுக்குடா என்னையும் ஒண்ணு வாங்கச் சொன்னே?"

"வான்னு கூப்பிட வாய் வரல" என்றான் உருண்டை. தரையைப் பார்த்தபடி பேசினான். "மூணு வாரமா ஓடிட்டுத்தான் இருக்கேன். குழி வந்ததும் விழுந்துடறேன். எனக்கும் தாவத் தெரியாதுக்கா."

நான் அவனுக்கு வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். சோபாவில் இடம் தாராளமாக இருந்தும் தோள் இடிக்கத்தான் உட்கார்ந்தோம். என் பக்கத்துத் தாளை நகத்தால் கிளப்பி உரித்தேன். அவன் பெட்டியை உயிர்ப்பித்தான். முயல் ஓடியது. கோட்டுக்குப் பின்னால் மறைந்து இந்தப் பக்கம் வந்தது.

குழி வந்தது. அவன் நிற்கவில்லை.

"ம்" என்றேன்.