கல்லுக்கு ஒரு முகம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் மினிபஸ்ஸில் திருடினேன். மலை ஊரான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகும் வழியில், பக்கத்து இருக்கைப் பெண் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஓர் ஆணின் பிடரி. ரொட்டியைப் பிய்க்கும் கை. பனியில் பூட்ஸ் தடம். முகம் இதோ வரும், இதோ வரும் என்று நானும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. "முகம் எடுக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மீதியெல்லாம் என் கற்பனை.

2.

முதல் தொடக்கம்: "துர்சுனையின் கணவன், லாரி டிரைவர் ஷைலோ, மலைப்பாதையில் பனிச்சரிவில் சிக்கி—"

அடித்துவிட்டேன். லாரிக்காரன் என்றால் உடனே பனிச்சரிவா?

இரண்டாவது: "ஷைலோ செத்துப் பல மாதங்கள் கழித்து, துர்சுனைக்கு அவன் முகம் தேவைப்பட்டது."

இது இருக்கட்டும். (நெஞ்சுவலி. சுங்கச்சாவடி வரிசையில், லாரிக்குள் உட்கார்ந்தபடியே. சாவை இதற்கு மேல் அலங்கரிக்க எனக்கு மனமில்லை.)

போன் அவன் வாங்கித் தந்தது. மருமகள் முதலில் எழுந்து கடைசியில் படுக்கிற வீடு அது. கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றினால் ஒரு பேச்சு, விருந்தாளியைக் கிளம்பச் சொல்கிறாளாம். மாவு புளித்தால் ஒரு பேச்சு. படம் எடுப்பதில் மட்டும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிழலை எடுத்தாள், கெட்டிலின் ஆவியை எடுத்தாள், போனைத் தலைகீழாகப் பிடித்தும் எடுத்தாள். ஷைலோ மட்டும் போனைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்து, பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நிற்பான்.

"அய்யோ, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. இந்தப் பக்கம் திரும்பாதீங்க."

"ஏன், என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மூஞ்சி எங்கயும் ஓடிப்போகாது. இந்த வெளிச்சம் ஓடிடும்."

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் திரும்பி வந்து உட்கார முடிந்தது.]

3.

செத்தவனுக்கு வைக்கும் வருஷ விருந்துக்கு முன்னால் கல்லறையில் கல் நட வேண்டும். முகம் பொறித்த கல்தான் வேண்டும் என்று மாமியார் ஜீபெக் சொல்லிவிட்டார். முகமில்லாத கல்லுக்கு அடியில் தன் மகனை நாதியற்றவன் மாதிரி விட முடியாதாம்.

கொழுந்தன் ஆதிலெத் போனை வாங்கிப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது? இது காது. இது முழங்கால். இது... கெட்டில். அண்ணனத் துண்டு துண்டாவுல்ல எடுத்து வச்சிருக்கீங்க!"

"உங்க போன்ல இருக்கா?"

ஆதிலெத் தன் போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தான். அவன் போனில் இருந்ததெல்லாம் அவனுடைய முகம்தான்.

(கல்யாணப் படம் இருக்குமே என்பீர்கள். அதில் நிற்பவன் மீசை முளைக்காத பையன். செத்தவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.)

ஜீபெக் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். பிடரிப் படம். மகன் தலையைத் தடவுகிற மாதிரி விரலை வைத்தார். படம் நகர்ந்து அடுத்தது வந்தது: ஜன்னல், வெறும் வெயில்.

"எங்கடி போனான்?"

துர்சுனை பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி தடவினார். மறுபடி போய்விட்டான்.

"எனக்கு இது வேண்டாம்டி. தொட்டா நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

துர்சுனை அடுப்படிக்குள் போய் அழுதாள். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்புங்க என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

4.

கடைசியில் அவனுடைய லைசென்ஸை எடுத்துக்கொண்டு கல் செதுக்குபவரிடம் போனாள். லாரியில் கிடந்து தேய்ந்த அட்டை, நகத்தளவு படம்.

"பெருசாக்கினா கலைஞ்சு போகுது அக்கா. மூக்கும் வாயும் தேறும். மத்தத நீங்க சொல்லுங்க, நான் வரைஞ்சிடறேன். புருவம் எப்படி? அடர்த்தியா?"

துர்சுனை கண்ணை மூடினாள். பிடரி வந்தது. கை வந்தது. அவன் காதோரம் விழுந்த வெளிச்சம்கூட வந்தது. புருவம் வரவில்லை.

முடிவு ஒன்று: மாமியாருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். [வேண்டாம். "கூட வாழ்ந்தவ நீதானே, என்னைக் கேக்கிற?" என்று ஒரு வார்த்தை வரும். அதை அவள் தாங்க மாட்டாள்.]

முடிவு இரண்டு: "பிடரியையே வரைங்க" என்கிறாள். [அழகான முடிவு. பத்திரிகைக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் கல்லைத் தடவ வருபவர் ஜீபெக் அல்லவா?]

முடிவு மூன்று: நானே சொல்லிக்கொடுக்கிறேன். படைத்தது நான்தானே! "ஷைலோவின் புருவம்—"

மேலே போய் முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். பிடரி எழுதியிருக்கிறேன். கை, பூட்ஸ், தொப்பி எழுதியிருக்கிறேன். முகத்தை எங்கேயும் எழுதவில்லை. நானும் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், பாவி. இப்போது யோசித்தால் எனக்கும் வரவில்லை.

ஆனால் நீங்கள் வாசித்தீர்கள். அவன் பேசியபோது உங்களுக்கு ஏதோ ஒரு முகம் தெரிந்திருக்குமே? யாருடைய ஜாடையாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு கல் செதுக்குபவர் மறுபடியும் கேட்கிறார்:

"அடர்த்தியா அக்கா, லேசா?"