வாயைத் திறந்தபடி

பல் கட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதை எழுதுவார். தெருவுக்கே தெரிந்த விஷயம். தெரிந்ததால்தான் அன்றைக்கு விடிந்ததும் அவர் வாசலில் மின்விசிறிகள் வந்து இறங்கும்.

எழுத உட்கார்ந்த நேரத்தில் வேறு எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் மலர வாங்கிக்கொள்வார் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாடிவீட்டுக் கண்டக்டர். "சார், டேபிள் ஃபேன் கொஞ்சம் முனகுது. நீங்க எழுதிட்டிருக்கீங்க போல, அப்புறமா வரேன்" என்று திரும்பியவரைப் படியில் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்தார். அன்று அவர் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்த விசிறி, அதன்பிறகு ஒரு இடத்தில் நின்று ஓடவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுத்தான் காற்று வாங்கினார்கள். எதிர்வீட்டு அழைப்புமணியையும் ஒருதரம் பிரித்து மாட்டினார். அதிலிருந்து விருந்தாளி தெருமுனையில் திரும்பும்போதே அது அடிக்கும். வேண்டாத ஆள் வந்து சேருமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடிகிறது என்று அந்த வீட்டம்மா இன்றைக்கும் அவரை வாயார வாழ்த்துகிறாள். சந்தேகப்படுகிறவர்கள் தெருமுனையில் போய்த் திரும்பிப் பார்க்கலாம்.

பொருளைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் நின்று பேசுவார்கள். சாயங்காலம் வாங்க வரும்போதும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். அப்புறம் அடுத்த ஞாயிறுவரை அந்த வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது.

மற்ற நாட்களில் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அச்சோடு ஒரு எண் வரும், பெயர் வராது. இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, விட்டுப்போன இடத்துக்குப் பல் கட்டிக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் சிரித்தார்கள். அவரைப் பார்த்து யாரும் சிரித்ததாக ஞாபகமில்லை.

எழுதிக்கொண்டிருந்த கதை ஒன்றே ஒன்று. ரொம்ப நாள் கழித்து வீடு திரும்புகிற ஒருவன் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். என்னவோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அத்தோடு நிற்கிறது. என்ன சொன்னாள் என்பது இவருக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக அவள் வாயைத் திறந்தது திறந்தபடி நிற்கிறாள். நடுவில் ஒருதரம் காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது அந்த வரியில் ஒரு பூச்சி கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. குழந்தைகுட்டிகளோடு இருப்பதைக் காலி செய்யச் சொல்ல மனம் வராமல் அதற்கும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அவருடைய சொந்த மனைவி அதே நாலு வருஷமாக அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. குழாய் ஒழுகுகிறது என்றால் "இந்தக் கதை முடியட்டும்" என்பார். தங்கச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் "கதை முடியட்டும்". காய்ச்சலடிக்கிறது, டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றதற்கும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். காய்ச்சல் விட்டதும் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் அண்ணன் வீட்டுல இருக்கேன். கதையை முடிச்சிட்டு வந்து கூப்பிடுங்க. நடுவுல வந்து நிக்காதீங்க."

கதை முடியாதவரை அவர் போக வேண்டியதில்லை. போகாதவரை, வரமாட்டேன் என்று அவள் சொல்லப்போவதில்லை. இது அவர் மூளைக்கு எட்டியிருந்ததா என்பது சந்தேகம். கைக்கு எட்டியிருந்தது. பேனாவை எடுத்த கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் கூடத்துக்கு ஒரு அச்சு வந்தது. மேல்வரிசையில் முன்பல் நாலும் இல்லை. இவர் வழக்கம்போல மேலும் கீழும் வார்த்து, உலர்ந்ததும் கையில் எடுத்துத் திருப்பினார். கீழ்வரிசையில் ஒரு பல்லின் விளிம்பில் பொடியாக ஒரு பள்ளம். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கு விழுகிற பள்ளம். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும், இருந்தாலும் அவர் மனைவி கடிப்பாள். எத்தனையோ தரம் இவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

பிளாஸ்டர் தாடையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தார். எப்படிப் போச்சு நாலு பல்லும்? தடுக்கி விழுந்தாளா? யார் தூக்கினார்கள்? ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும்படி இவரும் வைத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் அவர் ஒரு வேலையையும் தள்ளிப்போட்டவரில்லை. இதைத் தள்ளிப்போட்டார். மெழுகில் பல்லை நடுவார், பிடுங்குவார், நிறம் சரியில்லை என்பார். செய்து முடித்தால் கொடுத்தனுப்ப வேண்டும். மத்தியானம் டப்பாவைத் திறந்து அந்தத் தாடைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு போட மறந்துவிட்டேன் என்று அதனிடம் சொல்லவும் செய்தார். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டு நாலு வருஷமாகியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, அதிசயமா இருக்கு? அங்கே ஒரு அம்மா பல்லில்லாம உக்காந்திருக்காங்க. நீ என்னடான்னா விருந்து வச்சிட்டிருக்கே."

"நாளைக்குக் கொடுத்துடறேங்க."

"இதைத்தான் நேத்தும் சொன்னே."

செட்டுகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்வருகிறவள் ஒரு பெண். எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரம்மா. அவளும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பாவம்ணே. கையால வாயைப் பொத்திக்கிட்டே பேசுறாங்க. என்னைப் பார்த்ததும் பெட்டியைத்தான் பார்க்குறாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது."

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். டாக்டரின் சீட்டில் நாலும் ஒரே சீராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. நட்டு முடித்துப் பார்த்தார். அழகான வரிசைதான். யாரோ ஒருத்தியின் பல். இரண்டாவது பல்லை மட்டும் பிடுங்கி, பக்கத்துப் பல்மேல் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கும்படி நட்டார். கல்யாணமான புதிதில் அவள் சிரிக்கும்போது உதட்டில் முதலில் தட்டுப்படுவது அந்தப் பல்தான். அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பினார்.

சரியில்லாத செட் திரும்பி வரும், அதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். பெட்டிக்காரம்மா வந்து இறக்குகிறபோதெல்லாம் இவர்தான் முதலில் பெட்டியைத் துழாவினார். அது வரவில்லை. வாரக் கடைசியில் அவளே சொன்னாள்.

"அண்ணே, அந்தம்மா கதை கேளுங்க. மாட்டிவிட்டதும் டாக்டர், ஒரு பல்லு சாஞ்சிருக்கே, திருப்பி அனுப்பிடுவோம்ன்னாரு. அந்தம்மா கண்ணாடியைக் கீழேயே வைக்கலை. 'வேணாம் டாக்டர், இது இப்படித்தான் இருந்துச்சு'ன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, 'இதைச் செஞ்சவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா'ன்னாங்க."

"என்னவாம்?"

"'இதுக்கா இத்தனை நாள்?'"

"கோபமாவா கேட்டாங்க?"

"அது தெரியலைண்ணே. புதுப்பல்லு. சிரிக்கிறாங்களா கடிக்கிறாங்களான்னு எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்தார். கூட்டிலிருந்த குடும்பம் எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பூச்சிகள்கூடச் சொன்ன தவணையில் கிளம்பிவிடுகின்றன. கதவைத் திறந்தவள் இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றாள். தாடை எவ்வளவு வலித்திருக்கும். "இதுக்கா இத்தனை நாள்?" என்று கேட்டாள் என எழுதி, முற்றுப்புள்ளி வைத்தார். கதை முடிந்துவிட்டது.

வீடு நிசப்தமாக இருந்தது. வாசித்துக் காட்ட ஆளில்லை. ஊர் ஆஸ்பத்திரிகளில் பாதிதான் அவருடைய கூடத்துக்கு அனுப்பும், மீதிப் பாதியில் ஒன்றுக்கு அவள் போயிருக்கலாமே, போகவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே பயமும் வந்தது. கேள்வியை எழுதிவிட்டார். வாசலில் நிற்கிற அந்த ஆள் என்ன பதில் சொல்வான்? அதற்கு இன்னொரு கதை எழுதலாம். நாலு வருஷம் தாங்கும்.

எழுந்து சட்டையை எடுத்தார். ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தேடி உட்கார்ந்து நிதானமாகத் தைத்தார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கதவைத் திறந்தால் வாசலில் கண்டக்டர், கயிறு கட்டிய விசிறியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"சார், மறுபடியும் முனகுது. எழுதிட்டிருக்கீங்களோ?"

"இல்லை. எழுதியாச்சு. என் வீட்டுக்காரியைக் கூப்பிடப் போறேன்."

"அப்போ ஃபேனு?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தத் தெருவில் யாரும் அவர் வாயால் கேட்டிராத வார்த்தை. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.