நான்கு ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்துகள்

என் அக்கா இருக்கும் முதியோர் இல்லத்தின் மேல் புகார் வந்திருப்பதாகவும், விசாரணைக்கு நான் வரவேண்டும் என்றும் கடிதம் வந்தது. படுத்த படுக்கையாய் இருப்பவரைப் புரட்டிப் போடாமல் விட்டதில் முதுகு புண்ணாகிவிட்டதாம். எங்கள் குடும்பத்துப் பெயர் அப்படியொரு காகிதத்தில் ஏறியது அதுவே முதல் தடவை. சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டேன்.

விசாரணை அதிகாரி முப்பது வயதுப் பெண். மேலாளர் அறையில் அக்காவின் அட்டவணையை விரித்து வைத்திருந்தார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டியதாகக் கட்டத்துக்குக் கட்டம் டிக். புண் வந்து மூன்று நாள்தான் ஆகிறது என்று மேலாளர் சாதித்தார். வாராவாரம் வந்து பார்த்து, பார்வையாளர் பதிவேட்டில் 'குறையில்லை' என்று கையெழுத்திடும் பெரிய மனிதர் கண்ணில் அது படாமல் போயிருக்குமா என்று என்னைக் காட்டினார்.

"இந்த டிக்கெல்லாம் ஒரே மூச்சுல போட்ட மாதிரி இருக்குங்கய்யா," என்றார் அதிகாரி. "ஆனா பதிவேட்டுல இருக்கற நாலு ஞாயிறும் நீங்க வந்து பாத்தது நிஜம்னா, புகார் நிக்காது. உங்க அக்கா இங்கயேதான் இருக்கணும். இல்லேன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவேன்."

நான் வந்தது முதல் ஞாயிறு மட்டும். அக்காவை அந்த நிலையில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வாசல் மேசையிலிருந்த பதிவேட்டில் அன்றே நான்கு ஞாயிறுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டுத் திரும்பிவிட்டேன். வெளிநாட்டிலிருக்கும் அக்கா மகள் இங்கே போன் செய்து, மாமா வந்தாரா என்று விசாரிப்பாள். தாய்மாமன் எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது.

அக்காவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கூடவே அதிகாரியும் வந்தார். அறையில் ஆயா அக்காவை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். புண் என் உள்ளங்கை அகலம். மூன்று நாளில் வருவதில்லை.

"தள்ளி நில்லுடா," என்றாள் அக்கா. "சட்டை கசங்கிடப் போகுது."

புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான். ஆயாவை விட்டு போன் போடச் சொன்னேன். நீ வராததை மட்டும் சொல்லல. உன் மானம் கப்பலேறிடுமேன்னு விட்டுட்டேன்."

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலாளர் அறைக்கு வந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். முதல் ஞாயிறு வாசலோடு போனதையும், மற்ற மூன்று ஞாயிறுகளில் வராததையும், ஏன் கையெழுத்திட்டேன் என்பதையும் எழுதினேன். மேலாளர் தொண்டையைச் செருமினார். நான் நிமிரவில்லை.

வாக்குமூலத்தின் நகல் நெருங்கிய உறவினருக்கும் போகும், பரவாயில்லையா என்று அதிகாரி கேட்டார். அக்கா மகளின் முகவரியை அடியில் நானே எழுதினேன். கையெழுத்திட்டு, அன்றைய தேதியைப் போட்டேன்.