பேய்க்கணவாயின் பட்டினி

1
இந்தக் கதை, கோலா சுங்கை பாருவில் மீன் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. மீன்காரர் சின்னத்தம்பி ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாய் ஒன்றைத் தள்ளிவைத்தார். "இது வேணாம்லா. முட்டை போட்டது. சதையே இருக்காது."

வீட்டுக்கு வந்து படித்தேன். முட்டையிட்டதும், கண்ணுக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பி அதன் பசியை நிறுத்திவிடுகிறது. முட்டைகளைக் காத்தபடியே தாய் பட்டினியில் சாகிறது. கரு இல்லாத முட்டையைக்கூட அப்படிக் காப்பதுண்டாம். அட பாவமே என்று புத்தகத்தை மூடினேன்.

2
வெள்ளைக்காரர் ஆட்சி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டம். முள்வேலிக்குள் இருசம்மாள் என்றொரு

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இருசம்மாள் பால்மரம் வெட்டுகிறவள். மகன் நாகமுத்து கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போய்விட்டான். காட்டுக்குச் சோறு போகக்கூடாதென்று, தோட்டத்துக்கே பொதுவில் சமைத்து அளந்து போட்டார்கள். வேலிவாசலில் சோதனை வேறு. அவளோ இரவுப் பங்கைத் தின்னாமல் வைத்திருந்து, காலையில் தலைத்துணிக்குள் மறைத்துக் கொண்டுபோய் ஓடைக்கரை மரத்தடியில் வைப்பாள்.

"எலும்பும் தோலுமா ஆயிட்டியேக்கா. ரெண்டு வாயாவது தின்னேன்" என்பாள் பக்கத்துவீட்டுக் கோமளா.

"பசிக்கல தங்கச்சி. நேத்து வச்சது காலி. புள்ள தின்னுட்டான்."

3
கோமளாவுக்குத் தெரியும். சுடப்பட்டவர்களைப் போலீஸ் நிலைய வாசலில் கிடத்தி, தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் கேட்டார்கள். இருசம்மாள் அன்று காய்ச்சலில் கிடந்தாள். வாசலில் கிடந்தவன் நாகமுத்து. பெயரைச் சொன்னால் தாயைப் பிடித்துப்போய் அடைப்பார்கள். "தெரியாதுங்க" என்றாள் கோமளா. பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

சோற்றைத் தின்றது குரங்கு.*

*குரங்குக்குப் பதில் காட்டுப்பன்றியைப் போட்டுப் பார்த்தேன். என் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

4
அந்தச் சுரப்பியை வெட்டியெடுத்தால் பேய்க்கணவாய் மறுபடி தின்னும், இன்னும் கொஞ்சநாள் பிழைக்கும். ஆனால் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும்.

என் கையிலும் கத்தி இருக்கிறது. கோமளா உண்மையைச் சொல்கிறாள், இருசம்மாள் அழுது தீர்த்துவிட்டுத் தட்டை இழுத்து (பொய். எந்தத் தாய் அப்படித் தின்பாள்?). சரி, கோமளா சொல்லவே இல்லை, ஒரு காலையில் ஓடைக்கரையில் இருசம்மாள்

என்னால் முடியவில்லை.

கடைசியாக எழுதியது இவ்வளவுதான். இருசம்மாளால் எழுந்து நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி தலைத்துணியை நீட்டுகிறாள். உள்ளே ஒருபிடிச் சோறு.

"கோமளா, இன்னிக்கு நீ கொண்டுபோய் வச்சிரு. அவன் பசியோட காத்திருப்பான்."

கோமளா வாங்கிக்கொள்கிறாள். அவள் என்ன சொல்லவேண்டும்? எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், வேலிவாசலைத் திறந்துவிட்டார்கள்.