படம் காட்டாத கார்டு

ஒரு சரக்கில் என்ன குறை என்று தெரிய வேண்டுமானால் அதை விற்கிறவனிடம் போய் நிற்கக் கூடாது, அடுத்த கடைக்காரனிடம் போக வேண்டும் என்பது பிச்சைமுத்துவின் கொள்கை. காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷமாக வாழைக்காய் மண்டி நடத்துகிறவர். தாரைத் தட்டிப் பார்த்தே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் மகள் யாழினி புதுக் கம்ப்யூட்டருக்காக ஒரு தாளில் எழுதி நீட்டிய பொருள்களில் தட்டிப் பார்க்கத் தோதானது ஒன்றுகூட இல்லை.

யாழினி டிகிரி முடித்த கையோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பவள். வெட்டியாக இல்லை. கோயம்புத்தூரில் ஒரு அணி புதிதாக ஐந்து பேரை எடுக்கிறது, சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே, முகத்துக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டு ஆடிக் காட்ட வேண்டும். அன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அவளுடைய பழைய லேப்டாப்போ எதிரி சுட்டு முடித்த பிறகுதான் எதிரியையே காட்டும்.

"இந்த கிராபிக்ஸ் கார்டுங்கிறது என்ன பண்ணும்?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"படம் வரையும்பா. ஒரு செகண்டுக்கு நூத்தி நாப்பத்து நாலு படம்."

"யாரு எண்ணிப் பாத்தா?"

"அப்பா!"

"இல்ல பாப்பா, நூத்தி நாப்பதுதான் வரையுதுன்னு வையி, கடைக்காரன் நாலு படத்த அமுக்கிட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

கிண்டலுக்குக் கேட்டதல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு செகண்டுக்குள் நூற்று நாற்பத்து நான்கு முறை ஒரு பொருள் வேலை செய்கிறது என்ற செய்தி, சாப்பிடும்போதும் ஏலத்தில் நிற்கும்போதும் அவருக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாளே கிளம்பிவிட்டார். தில்லைநகரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நஸ்ருல்லாவின் கடையில் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதே வியாபாரம் செய்கிற பீமராவ் என்ன விற்கிறார் என்று சொல்லி அதற்கு என்ன குறை என்று கேட்டார். பீமராவ் கடையில் போய் நஸ்ருல்லா சரக்கின் குறையைக் கேட்டார். இருவரும் வஞ்சனை இல்லாமல் சொன்னார்கள். எந்த மதர்போர்டு ஒரே வருஷத்தில் மண்டையைப் போடும், எந்தக் கார்டு மே மாசத்தில் அடுப்பாகக் கொதிக்கும் என்று நாலே நாளில் ஒரு கோர்ஸ் படித்து முடித்துவிட்டார். கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று இருவருமே சொன்னார்கள். ஆகாதவர்கள் இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொன்னால் அதை நம்பலாம் என்று அதில் மட்டும் நல்லதாக எடுத்தார்.

மதர்போர்டும் ப்ராசசரும் பீமராவிடம், கார்டு நஸ்ருல்லாவிடம், எல்லாவற்றையும் உள்ளே மாட்டுகிற பெட்டி மூன்றாவது ஒரு கடையில். நம்முடைய முழுத் தேவையும் ஒரே ஆளுக்குத் தெரிந்துவிட்டால் விலை அவன் கைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை எல்லாம் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மனைவி விஜயராணி தங்கை வீட்டு விசேஷத்துக்கு முசிறி போயிருந்தாள். யாழினி ஸ்க்ரூ டிரைவர் வாங்கக் கடைக்குப் போனாள். பிச்சைமுத்துவின் மண்டியில் புதுத் தராசானாலும் தள்ளுவண்டியானாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலைக்கு இறங்காது. ஒவ்வொரு பொருளாக உறை பிரித்து, வாழை இலையில் வரிசையாக வைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்.

திரும்பி வந்த யாழினி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ அப்பா! இதுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க?"

"ஏன், இது மட்டும் என்ன ஒசத்தி?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மாட்ட உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே விசிறிகள் சுற்றின, திருவிழாப் பந்தல் மாதிரி கலர் கலராக லைட் எரிந்தது. மானிட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று இங்கிலீஷில் எழுதி வந்தது.

வயரை மாற்றினாள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். கார்டைப் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகினாள். கடைசியில் மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டின் சொந்த ஓட்டையில் சொருகியதும் படம் வந்தது. ஆனால் விளையாட்டைத் திறந்தால் பழைய லேப்டாப்பே தேவலை.

"போர்டு ஓடுது, ப்ராசசர் ஓடுது. கார்டுன்னு ஒண்ணு இருக்கறதே இதுக்குத் தெரியலப்பா," என்றாள்.

பிச்சைமுத்து போனை எடுத்தார். பீமராவ் சொன்னார்: "நம்ம போர்டுல ஒண்ணும் இருக்காதுங்க. கார்டு யாரு குடுத்தது, பாயா? அப்ப அங்க கேளுங்க."

நஸ்ருல்லா சொன்னார்: "போர்டு ராவ் கடையிலயா எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

சரக்கைப் பிரித்து வாங்கினால் குற்றமும் பிரிந்துபோய்விடும், யார் கையிலும் முழுதாக நிற்காது என்பது பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு நஸ்ருல்லாவே வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்துவிட்டார். கையில் ஒரு பை. "என் சரக்க நாலு பேரு குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லண்ணே. இது என் கடை மிஷின்ல நேத்து வரைக்கும் ஓடின கார்டு. இதப் போட்டுப் பாப்போம். படம் வந்தா நான் உங்களுக்கு வித்த கார்டு கெட்டது, நானே மாத்தித் தரேன். வரலன்னா ராவோட போர்டு."

பிச்சைமுத்துவுக்கு இப்படிச் சோதிக்கிற முறை மிகவும் பிடித்துவிட்டது. எடை குறைந்தால் அவரும் இப்படித்தான் செய்வார். முதலில் படிக்கல்லை மாற்றுவார், பிறகு தராசை, அதன் பிறகு ஆளை. ஒரு நேரத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

கடைக் கார்டு உள்ளே போனது. விசிறி சுற்றியது. சிக்னல் இல்லை.

"பாத்தீங்களா!" நஸ்ருல்லாவின் முகத்தில் பெருநாள் களை. "நான் அப்பவே சொன்னேன்."

பிச்சைமுத்து பீமராவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மண்டிக் குரலில் ஆரம்பித்தார். "ஏங்க ராவ், நல்ல சரக்குன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? செத்த போர்டு விக்கறதுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய கடை?" இன்னும் நிறையச் சொன்னார், அதெல்லாம் இங்கே எழுத உதவாது.

பீமராவ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னைக்குக் கடை லீவுங்க. நாளைக்குக் காலைல கொண்டாங்க, வேற போர்டு தரேன்," என்றார்.

யாழினி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மணி இரண்டே முக்கால். "நாளைக்கு எதுக்குப்பா," என்று மட்டும் சொன்னாள்.

நஸ்ருல்லா தம் கார்டைக் கழற்றி, "பிடிங்கண்ணே," என்று அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கைக்கு வந்த சரக்கை மூக்குக்குக் கொண்டுபோவது பிச்சைமுத்துவின் பழக்கம். முகர்ந்தார்.

சந்தனம்.

சட்டென்று கார்டை விலக்கிப் பார்த்தார். தில்லைநகரிலிருந்து பைக்குள் வந்த கார்டு. அவருடைய பூஜை இலைப் பக்கமே வராத கார்டு. பாய் அத்தர் போடுகிறவர்தான், ஆனால் இது அத்தர் இல்லை, கல்லில் இழைத்த அசல் கட்டைச் சந்தனம், தம் வீட்டுச் சரக்கு. இது எப்படி இதில் ஏறியது? இது உட்கார்ந்து எழுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் போர்டின் நீளமான பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் இதற்கு முன்னால் இறங்கியது, தாம் பொட்டு வைத்த கார்டு.

நேற்று அந்தக் கார்டில் எங்கே வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தார். கட்டை விரல் தானாகவே அசைந்தது. அடிப்பக்கம் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக மின்னின. அங்கேதான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தீற்று. குங்குமம் அதற்குள் தீர்ந்துபோயிருந்ததால் வெறும் சந்தனம்.

போனில் பீமராவ் இன்னும் இருந்தார். நஸ்ருல்லாவுக்கு ஒன்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை புதுப் போர்டு கிடைக்கும், துடைத்த கார்டு அதில் ஜம்மென்று ஓடும், மார்க்கெட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவரை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இன்றுவரை ஊரில் ஆள் இல்லை, அவரே ஏமாந்தார் என்று சொல்லவும் இருக்கப்போவதில்லை. யாழினி கேமராவின் வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாய், ஒரு நிமிஷம். ராவ், நீங்களும் போன வெச்சுடாதீங்க," என்றார் பிச்சைமுத்து. "இந்தத் தங்கப் பல்லு இருக்கே, இது எதுக்கு?"

"அதுதாண்ணே கார்டுக்கு வாயி. அது வழியாத்தான் போர்டோட பேசும்."

"நான் அத நெத்தின்னு நெனச்சுட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. சொன்னார். முழுதாகச் சொன்னார்.

முதலில் சத்தம் வந்தது போனிலிருந்துதான். பீமராவ் சிரிக்க ஆரம்பித்து, இருமி, மறுபடி சிரித்தார். "பெருமாளுக்கே வாய் மேல சந்தனம் பூச மாட்டாங்களேங்க! செத்த போர்டு, பெரிய கடைன்னு என்ன பேச்சு பேசினீங்க!"

"பேசினேன். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

பிச்சைமுத்துவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நஸ்ருல்லா இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிக் கவனித்துக்கொண்டார்.

"நான் எல்லாத்தயும் தொடச்சேனேப்பா?" என்றாள் யாழினி.

"தங்கத்து மேல சந்தனம் பாப்பா. எப்படித் தெரியும் கண்ணுக்கு?"

அவள் டார்ச்சை எடுத்துப் பள்ளத்துக்குள் அடித்தாள். இரண்டு பக்கமும் மெல்லிய மஞ்சள் பொருக்கு. "தண்ணி தொடாதீங்க," என்று போனிலிருந்து பீமராவ் கத்தினார். "கரண்ட் வயரப் பிடுங்கிட்டு ஸ்பிரிட்டு தொட்டுத் தேய்ங்க. மெதுவா! உள்ள கம்பி முடி மாதிரி இருக்கும்."

பிச்சைமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, திறந்திருந்த மெடிக்கலில் ஸ்பிரிட்டும் குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வாங்கி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக விலை கேட்காமல் வாங்கினார். நஸ்ருல்லா பென்சில் ரப்பரால் புதுக் கார்டின் தங்கப் பற்களைத் தேய்த்தார், ரப்பர் மஞ்சளானது. யாழினி பள்ளத்தைப் பிரஷ்ஷால் நீவி நீவி எடுத்தாள். பிச்சைமுத்து டார்ச் பிடித்தார். அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது உள்ளே வரிசையாக நின்ற கம்பிகள் அவரை மயக்கின. "இவ்வளவுண்டு கம்பி வழியாவா நூத்தி நாப்பத்து நாலு படமும் போகுது?"

"டார்ச்ச ஆட்டாதீங்கப்பா."

டேபிள் ஃபேனை நேராக வைத்து ஸ்பிரிட் ஆறும்வரை காத்திருந்தார்கள். மூன்று ஐம்பதுக்குக் கார்டு உள்ளே போய் 'டக்'கென்று உட்கார்ந்தது. ஸ்விட்ச். விசிறி. மானிட்டர் ஒரு கணம் கறுத்தது. பிறகு படம் வந்தது.

யாரும் கைதட்டவில்லை. யாழினி ஏற்கெனவே கேமராவை மாட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க. பின்னால வேற ஆள் தெரிஞ்சா தூக்கிருவாங்க."

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து மவுசும் கீபோர்டும் பொரிகிற சத்தம். ஏலத்தில் குரலை வைத்தே விலை எங்கே நிற்கும் என்று சொல்கிறவர் பிச்சைமுத்து, காதைக் கதவில் வைத்துக்கொண்டார். "நின்னுபோச்சு பாய். செத்துட்டாளா?"

"ஒளிஞ்சிருப்பாண்ணே."

"எவ்வளவு நேரம்தான் ஒளிவா?"

சத்தம் மறுபடி பொரிந்தது. இப்படியே ஒன்றேகால் மணி நேரம். கதவு திறந்தபோது யாழினியின் காதோரமெல்லாம் வேர்வை.

"நாலாவதுப்பா. எடுத்துட்டாங்க."

"மாஷா அல்லாஹ்," என்றார் நஸ்ருல்லா, எழுந்து செருப்பைத் தேடியபடி.

பிச்சைமுத்து மகளின் தலையில் கையை வைத்தார். "அந்த முன்னாடி மூணு பேரு இருக்காங்களே," என்றார், "அவங்கள்லாம் என்ன கார்டு போட்டிருக்காங்க?"

நஸ்ருல்லா செருப்பை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.