கன்னத்தில் விழுந்த ரசீது

1

இந்தக் கதை, என் அக்கா கோட் ஸ்டாண்டைத் திட்டியதில் பிறந்தது. அதை நான் என்று நினைத்து அரை மணி நேரம் திட்டினாள். அது எதிர்த்துப் பேசாததால், தம்பிக்குக் கடவுள் நல்ல புத்தி கொடுத்துவிட்டார் என்று நன்றியும் சொன்னாள். அவளுக்குக் கண்ணாடி வேண்டும். விலை ஆயிரத்து நானூறு.

முதலில் "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." என்றுதான் ஆரம்பித்தேன். அன்று மழை இல்லை. விட்டுவிட்டேன்.

2

அக்காவின் கணவர், என் அத்தான், வாடகை நாற்காலிகள் ஏற்றும் வேனை விற்றுவிட்டார். அதன் காப்பீட்டை ரத்து செய்து, திரும்பி வரும் பணத்தில் கண்ணாடி வாங்குவதாகத் திட்டம்.

(வாசகரே, இந்த அடைப்புக்குறிக்குள் கணக்கு இருக்கிறது. பயப்படாதீர்கள், நானும் கூட வருகிறேன். ஆண்டுப் பிரீமியம் பன்னிரண்டாயிரம். மூவாயிரம் அத்தான் கட்டினார். மீதியை ஒரு கடன் நிறுவனம் கட்டியது, அவர் தவணையில் அடைக்க வேண்டும். நான்கு மாதம் முடிந்து ரத்து செய்தால் எட்டாயிரம் திரும்பும். அது நேரே கடன் நிறுவனத்துக்குப் போகும். வட்டியோடு அவர்களுக்குப் பாக்கி ஆறாயிரத்து அறுநூறு. மிச்சம் ஆயிரத்து நானூறு. கண்ணாடி! ஆனால், ரத்துக் கடிதத்தில் 'பெறப்பட்டது' முத்திரை விழும் நாள்தான் கணக்கு. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் முப்பத்துச் சொச்சம் போய்விடும்.)

3

முதல் தேதி, மதியம். காப்பீட்டு அலுவலகத்தில் முத்திரை குத்தும் அம்மா மேசையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மகனுக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண்விழிப்பு என்றார் வாசல் காவலாளி.

"எழுப்பட்டுமா சார்?"

"வேணாம்பா, பாவம். தூங்கட்டும்."

அத்தான் கடிதத்தை அவர் முழங்கைக்கு அடியில் மெல்லச் செருகினார். முத்திரையம்மா தலையைப் புரட்டினார். அடியில் முத்திரைக்கட்டை கிடந்திருக்கிறது. கன்னத்தில் நீல மையில் பளிச்சென்று: பெறப்பட்டது, முதல் தேதி. அத்தான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நுனிக்காலில் வெளியேறினார்.

"ரசீது எங்க?" என்றாள் அக்கா.

"முத்திரை விழுந்தாச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"கடிதாசிலயா?"

"கன்னத்துல."

பக்கத்திலேயே கோட் ஸ்டாண்டு நின்றும், அன்று அக்கா சரியான ஆளைத் திட்டினாள்.

4

கடிதம் கோப்புகளுக்கு அடியில் புதைந்து, பதின்மூன்றாம் தேதிதான் முத்திரை வாங்கியது. நானூறு போச்சு.

என் கதை, என் பேனா, மாற்றி எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். "முத்திரையம்மா திடுக்கிட்டு விழித்து..." அதற்குமேல் கை ஓடவில்லை. அத்தானே எழுப்பாத அம்மாவை நான் எழுப்புவதா? அசந்து தூங்குகிறவரைக் கதையில் எழுப்பினாலும் பாவம்தான்.

5

இப்போது மேலாளர் அறை. போன நானூறைக் கேட்க அத்தான், அக்கா, நான். கோப்போடு முத்திரையம்மா.

"முதல் தேதியே குடுத்தேங்கிறீங்க. அப்ப ஏன் சார் முத்திரை வாங்கல?" என்றார் மேலாளர்.

"இவங்க அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

முத்திரையம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. (அன்று ஆஸ்பத்திரியில் மகன் அந்தக் கன்னத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தானாம். காய்ச்சல் வந்தபின் முதல் சிரிப்பு. காவலாளி சொன்னது.)

"...பிஸியா இருந்தாங்க. நான்தான் கேக்க மறந்துட்டேன். என் தப்புதான் சார்."

அக்கா ஆத்திரத்தில் அத்தான் தொடையைக் கிள்ளினாள். கத்தியது நான்.

முத்திரையம்மா கோப்பை மேசையில் வைத்தார். "சார், அவர் பொய் சொல்றாரு. நான் ஒண்ணு சொல்லணும்..."

6

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முத்திரையம்மாவின் வேலை போயிற்று என்று எழுத மாட்டேன்; கடவுள் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலாளர் மனமிரங்கினார் என்று நானே எழுதினால், அது அவர் செய்த நல்லதாகாது.

ஆகவே வாசகரே, மேலாளர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மையட்டை வலப்பக்கம் இருக்கிறது. முத்திரைக்கட்டையில் தேதியைத் திருப்ப ஒரு சின்னச் சக்கரம் உண்டு. நாங்கள் காத்திருக்கிறோம். அக்கா இப்போதே உங்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டாள், சுவரோரம் நிற்கும் இரும்பு அலமாரியைப் பார்த்து.